சுகிர்தா கையெழுத்துப் போடாத டைரி

01-09-2022 — ரூ.8,050.00
03-10-2022 — ரூ.35.40
02-11-2022 — ரூ.35.40
01-12-2022 — ரூ.35.40
02-01-2023 — ரூ.35.40
01-02-2023 — ரூ.41.30
20-04-2023 — ரூ.35.40
02-05-2023 — ரூ.8,050.00
16-09-2024 — ரூ.35.40

ஒன்பது தேதி, ஒன்பது தொகை. இவற்றில் இரண்டு, ஒரு பெண் தொழிற்பழகுநராகச் சேர்ந்த நாளும் அன்று பேசிய மாத உதவித்தொகையும். மற்ற ஏழும் பதிவுத் தபால் கட்டணம். ஒன்றில் மட்டும் ஐந்து ரூபாய் தொண்ணூறு காசு கூடுதல். அதன் காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

காஞ்சிபுரம் பக்கம் பெருநகர் என்ற ஊரிலிருந்து மூன்றரை கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் 30-06-2024 வரை பொறுப்பில் இருந்தேன். ஏழு தபாலில் ஆறு என் கையால் எடை போட்டவை. ஏழாவதின் ரசீதை சுகிர்தாவே காட்டினாள். ஒருவருடைய தபால் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே இதை எழுதும் முன் அவளிடம் எழுத்தில் அனுமதி கேட்டேன். அவள் எழுதித் தந்தது இவ்வளவுதான்: "எல்லாத்தையும் எழுதுங்க சார். தேதி தப்பா போட்டா சண்டைக்கு வருவேன்."

சுகிர்தா பிறந்தது 12-06-2003. தானியேலுக்கு ஒரே பெண். தாயும் தகப்பனும் நடவு, அறுப்பு வேலைக்குப் போகிறவர்கள். சொந்த நிலம் ஒரு சென்ட்டும் இல்லை. அவர்கள் அதிகமாக வேலை செய்தது சுகுமார் என்பவனுடைய அப்பாவின் பதினொரு ஏக்கரில்.

அந்த நிலத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. தேதி என்னிடம் இல்லை. சுகிர்தா சொன்ன கணக்கில் 2018, தை மாதம். அறுவடை இயந்திரம் பாதி வயலில் நின்றுவிட்டது. ஒன்றரை நாள் எல்லோரும் அதைச் சுற்றி வந்தார்கள். வானம் மூடிக்கொண்டிருந்தது. பிறகு வந்தவாசியிலிருந்து ஒரு பிட்டர் வந்தான். இயந்திரத்துக்குள் ஒரு சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைக்கும் சிறிய இரும்புச் சாவி தேய்ந்து போயிருந்தது. வரப்பில் உட்கார்ந்தே வேறொரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து, அளவு பார்த்து, மறுபடி தேய்த்து, உள்ளே தட்டினான். இருபத்தைந்து நிமிடம். சுகுமாரின் அப்பா வீட்டிலிருந்து நாற்காலி வரவழைத்து அவனுக்கு வரப்பில் போட்டார். தானியேலும் அவர் மனைவியும் அந்த நிலத்தில் அதுவரை இருபத்திரண்டு அறுப்பு அறுத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வரப்பில் நாற்காலி போட்டதில்லை.

"அந்த ஆளு இன்னா சாதின்னு ஒருத்தரும் கேக்கல சார்," என்று சுகிர்தா என்னிடம் ஒருமுறை சொன்னாள். "சாவி சரியா உக்காந்துச்சா, அத்த மட்டும்தான் பாத்தாங்க."

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேர்ந்தாள். வகுப்பில் இருபது பேர். பெண்கள் இருவர்: இவளும், எங்கள் ஊரின் மேற்குத் தெருவைச் சேர்ந்த அம்முலுவும். இரண்டு ஆண்டு முடித்தபின் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மாதம் பழகுநராக வேலை கற்க வேண்டும். அதன்பின் தேர்வு. தேறினால் இந்தியா முழுதும் செல்லும் சான்றிதழ். அந்தப் பன்னிரண்டு மாதத்தை நம்பித்தான் அவள் 01-09-2022 அன்று ஒரு தொழிற்பேட்டையில் கார் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அந்தத் தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதவில்லை.

சேர்த்துவிட்டவன் மேலே சொன்ன சுகுமார். சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவர்களை வேனில் ஏற்றிப் போய் வருவதும் அவன் தொழில். அந்த ஆண்டு பதினைந்து பெண்களைச் சேர்த்தான். பதினைந்து பேரும் ஐ.டி.ஐ. படித்தவர்கள். பதினைந்து பேரையும் அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டும் பகுதியில் நிறுத்தினார்கள்.

24-09-2022, சனிக்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் பதினைந்து டைரி. பழகுநர் தினமும் செய்த வேலையைத் தன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய டைரி அது. தேர்வுக்குப் போக அதுதான் ஆதாரம். இந்தப் பதினைந்திலும் 31-08-2023 வரை, ஒரு முழு ஆண்டுக்கான வேலை, நீல மையில் ஒரே கையெழுத்தில் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டிலிருந்து வேலை அட்டை வரைக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது பழக்கம். கேட்டவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று போடுவார்கள். பதினான்கு பேர் ஒன்றரை மணி நேரத்தில் போட்டு முடித்தார்கள். விரல் வலிக்கிறது என்றதற்கு ஆளுக்கொரு குளிர்பானம் வந்தது.

சுகிர்தா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பணியாளர் பிரிவிலிருந்த கல்பனா என்ற அதிகாரி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, கதை புத்தகமா அது? போடு."

"கத மாதிரிதான் மேடம் கீது. அடுத்த வருசம் ஆகஸ்ட் முப்பத்தொண்ணாம் தேதி நான் இன்னா செய்வேன்னு இதுல எழுதிக்கீது. எனுக்கே தெரியாது."

"ஃபார்மாலிட்டிமா. எல்லாரும் போட்டாச்சு."

"நான் வந்து இருவது நாளு வேல செஞ்சிக்கறேன். ஒரு நாளு கூட அரத்த கண்ணால பாக்கல. இதுல இருவது நாளும் தட்ட அரம் போட்டன்னு கீது."

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? வருசக் கடைசியில சர்டிபிகேட் வருதா இல்லையா?"

"பரீட்சையில எனுக்கு பதிலா நீங்க வந்து அரம் போடுவீங்களா மேடம்?"

அம்முலு சிரித்துவிட்டாள். குளிர்பானம் மூக்கில் ஏறி இருமினாள். சுகிர்தா டைரியை மூடி வைத்துவிட்டு, எழுதாத டைரி ஒன்று கேட்டாள். இல்லை என்றார்கள். அன்று வேனில் திரும்பும் வழியில், பெருநகரில் இறங்கி எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். அதன் முதல் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"24-09-2022. செய்த வேலை: அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டியது. எண்ணிக்கை 612. கற்றது: டேப்பைக் கோணாமல் இழுப்பது. இது முதல் நாளே கற்றாகிவிட்டது."

சேர்ந்த முதல் இருபது நாளின் எண்ணிக்கையை அவள் எழுதவில்லை. சரியாக நினைவில்லை என்று இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் இவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மாதப் பக்கங்களின் நகலையும் ஒரு கடிதத்தையும், பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு 03-10-2022 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினாள். அவள் வேலையில் இருந்ததால் உறையைக் கொண்டுவந்தவர் தானியேல். கடிதத்தில் கேட்டது ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் பிட்டர் என்று இருக்கிறது, என்னைப் பிட்டர் வேலையில் விடச் சொல்லுங்கள். மறுநாள் பண்டிகை விடுமுறை என்பதால் அதே நாள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. அவரவர் கையாளும் கருவியை வைத்துப் பொட்டு வைத்தார்கள். பதினைந்து பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் பெண்கள் வைத்தது டேப் வெட்டும் பிளாஸ்டிக் பிடியை. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாள்.

பதில் வரவில்லை. கிடைத்தது என்ற ஒப்புகை அட்டை மட்டும் முத்திரையோடு திரும்பியது. இரண்டாவது கடிதம் 02-11-2022. தானியேல் என்னிடம் உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுகுமார் வாசலில் பைக்கை நிறுத்தினான். இறங்கவில்லை.

"இன்னா தானியேலு, மாசா மாசம் யாருக்கு கடுதாசி? கவர்னருக்கா?"

"கவர்னரு அட்ரசு பாப்பாவுக்கு தெரியாது நைனா. தெரிஞ்சா போடும்."

"அங்க பதினாலு பொண்ணுங்க வாய மூடிக்கினு வேல செய்யுது. இது மட்டும் இன்னா பெரிய இஞ்சினீரா? எனுக்கு பேஜாரா கீது. ஒழுங்கா கையெழுத்து போடச் சொல்லு. வேன்ல எடம் வேணுமா, வேணாவா?"

"கையெழுத்து அவளுது நைனா. வேணும்னா நீங்களே போயி கேளுங்க. எனுக்கு கைநாட்டுதான் தெரியும்." தானியேல் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். "இது போதும்னா இந்தாங்க, வெச்சிக்குங்க."

"கயினிக்கு வேலைக்கு வர வேணாவா நீ?"

"வேல செஞ்சா கூலி. கையெழுத்துக்கும் சேத்துதான் கூலின்னா, மொதல்லயே சொல்லியிருக்கணும்."

சுகுமார் பைக்கை முறுக்கிக்கொண்டு போனான். தானியேல் ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்க மூன்று முறை முயன்றார். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

07-11-2022 திங்கட்கிழமை முதல் வேன் சுகிர்தாவுக்காக நிற்கவில்லை. அதே வாரம் முதல் தானியேலுக்கு அந்தப் பதினொரு ஏக்கரில் வேலையும் இல்லை. அவர் மானாம்பதி பக்கம் வேலை தேடிப் போனார். சுகிர்தா காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் பெருநகர் போய், காஞ்சிபுரம் பஸ் பிடித்து, அங்கிருந்து வேறு பஸ் மாறி, எட்டு மணி ஷிப்டுக்குப் போனாள். ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. தாமதம் என்று ஒரு வரி எழுத இடம் கொடுத்தால் அதையே காரணம் காட்டி நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாலையில் வேன் அவள் சைக்கிளைத் தாண்டிப் போகும். உள்ளே இருக்கும் பெண்கள் கை அசைப்பார்கள். சுகுமார் ஹாரன் அடிப்பான். அவளும் சைக்கிள் மணியை அடிப்பாள்.

10-12-2022, சனிக்கிழமை. முந்தின இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்திருந்தது. பஸ் இல்லை, தொழிற்சாலைக்கும் விடுமுறை. காலை 11.40க்கு சுகிர்தா அஞ்சலகத்துக்கு நடந்து வந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எனுக்கு எதுனா வந்துச்சா சார்?"

"தபால் பையே வரலம்மா. ரோட்ல மரம் விழுந்து கிடக்கு."

நான் பதிவேட்டில் 'பை வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அதைத் தலைகீழாகவே படித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 30ஆம் தேதியோடு அம்முலு வேலையை விட்டுவிட்டாள். திருமணம் நிச்சயமாகியிருந்தது. 20-01-2023 அன்று கல்பனா மறுபடி சுகிர்தாவைக் கூப்பிட்டார். மேசையில் அதே பதினைந்து டைரி. "கடைசியா சொல்றேன், போடு," என்றார். சுகிர்தா தன் டைரியைத் தேடுவதுபோல் அடுக்கைப் புரட்டினாள். அம்முலுவின் டைரியும் அதில் இருந்தது. டிசம்பர் பத்தாம் தேதி, புயல் நாளில், வாளால் இரும்பு அறுத்தல் எட்டு மணி நேரம். ஜனவரி இருபத்தேழாம் தேதி, தட்டை அரம் எட்டு மணி நேரம். கீழே அம்முலுவின் கையெழுத்து. அம்முலுவின் முகூர்த்தம் ஜனவரி இருபத்தேழு.

ஐந்தாவது தபாலைக் கொண்டுவந்தது தானியேல் அல்ல, மறுவீட்டுக்குத் தாய்வீடு வந்திருந்த அம்முலு. தேதி 01-02-2023. புது மஞ்சள் கயிறு, கை நிறைய வளையல்.

"சார், எட போடுங்க. உள்ள என் கல்யாண பத்திரிகையும் கீது," என்றாள். "தாலி கட்ற நேரத்துல நான் கம்பெனில அரம் போட்டுக்கினு இருந்தனாம் சார். அப்ப மணவறையில குந்திக்கினு இருந்தது யாருன்னு எங்க வூட்டுக்காரு கேக்கறாரு. அவருக்காவது பதில் சொல்லட்டும் அந்த ஆபீசு."

பத்திரிகை கனமான அட்டை. எடை இருபது கிராம் அடுக்கு ஒன்று ஏறியது. ரூ.41.30 ஆனதன் காரணம் அதுதான்.

14-02-2023 அன்று பதில் வந்தது. நான்கு மாதத்தில் முதல் பதில். 22-02-2023 அன்று ஆய்வு.

அன்று நடந்ததை சுகிர்தா சொன்னபடி எழுதுகிறேன். வந்தவர் ஒரே அதிகாரி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டைரிகளைக் கேட்டார். பதினைந்தும் வந்தன. ஒன்றை எடுத்தார்.

"அம்முலு யாரும்மா?"

பெண்கள் கல்பனாவைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு லீவு சார்," என்றார் கல்பனா.

"இன்னைக்குத் தேதியில ரெண்டு மணி நேரம் துளை போட்டதா எழுதியிருக்கே? கையெழுத்தும் இருக்கு." அதிகாரி பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து டைரியின் மேல் வைத்தார். பிறகு சுகிர்தாவின் டைரியை எடுத்தார். முந்நூறு பக்கத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை. "நீதான் எழுதினதா?"

"நான் எழுதினது இது சார்," என்று எண்பது பக்க நோட்டுகளைக் கொடுத்தாள். அதற்குள் மூன்று நோட்டு ஆகியிருந்தது. அவர் நின்றபடியே முதல் நோட்டில் பத்து பக்கம் படித்தார். டேப்பைக் கோணாமல் இழுப்பது பற்றிய வரியில் அவர் வாய் கொஞ்சம் கோணியது என்கிறாள். சிரிப்பா, பல்வலியா என்று தெரியவில்லையாம்.

பதினைந்து டைரிகளும் ரத்தாயின. தொழிற்சாலை எல்லா ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. 31-03-2023 அன்று சுகிர்தாவுக்குக் கொடுத்த தாளில் மட்டும் 'ஒழுங்கீனம்' என்று காரணம் எழுதியிருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு, 'பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சேரும்போது ஒப்பந்தத்தில் போட்டதை விட்டால், அந்தத் தொழிற்சாலையில் அவள் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

ஊரில் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. பதின்மூன்று பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தாய் முனியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் சுகிர்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ணு பண்ண வேல, பதிமூணு பொண்ணு வூட்ல குந்திக்கினு கீதுங்க! மாசம் எட்டாயிரம் போச்சிடீ! நீ நல்லா இருப்பியா?"

"ஐ.டி.ஐ. படிச்சிட்டு பொட்டி ஒட்டிக்கினு இருந்துச்சுங்க பெரிம்மா. அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம் படிப்பு? அத்த நீயே ஒட்டலாம். உனுக்குன்னா கூலிய முழுசா குடுக்கணும். எங்களுக்கு ட்ரெயினின்னு பேரு வெச்சி பாதி குடுத்தாங்க."

முனியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். "மெய்யாலுமா முழு கூலி குடுப்பாங்க?"

குழாயடியே சிரித்தது. ஆனாலும் முனியம்மாள் அவளோடு ஏழு மாதம் பேசவில்லை.

19-04-2023 அன்று அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அங்கே ஒரு வழி சொன்னார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஏழு மாதம் வீணாகப் போக வேண்டாம். அதைப் பயிற்சிக் காலமாகவே எடுத்துக்கொள்கிறோம். மீதி ஐந்து மாதத்துக்கு வேறு இடம் தருகிறோம். ஏழு மாதமும் பிட்டர் பயிற்சி பெற்றேன் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதும், அக்டோபரிலேயே முடிந்துவிடும். மற்ற பெண்களில் பலர் அதில் கையெழுத்திட்டார்கள். சுகிர்தா முடியாது என்றாள். அதை எழுத்தில் கொடு என்றார்கள்.

மறுநாள் உறையோடு வந்தாள். எடை போடும் முன் நானும் ஒன்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதால் எழுதுகிறேன்.

"ஏம்மா, ஏழு மாசம் சும்மா இல்ல. அப்பாவுக்கு வேலை போயிருக்கு. அவங்களே வழி விடறாங்க. ஒரு கையெழுத்துதானே. யாருக்கு நஷ்டம்?"

அவள் என் பதிவேட்டைப் பார்த்தாள்.

"வராத பைய வந்துச்சின்னு நீங்க எழுதுவீங்களா சார்?"

நான் உறையைத் தராசில் வைத்தேன். முத்திரையைக் குத்தினேன். ரூ.35.40.

உள்ளே இருந்த கடிதத்தின் நகலை அவள் பிறகு காட்டினாள். "நான் கற்காத ஏழு மாதம் எனக்கு வேண்டாம். பன்னிரண்டு மாதமும் முதலிலிருந்து வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் நான் பெட்டி ஒட்டியது 152 நாள், 92,847 பெட்டி. அதற்கு முந்தின இருபது நாளுக்குக் கணக்கு இல்லை. பெட்டி ஒட்டியதற்குத் தனியாகச் சான்று தருவதானால் வாங்கிக்கொள்கிறேன்."

பெட்டிக்குச் சான்று வரவில்லை. பன்னிரண்டு மாதம் வந்தது.

02-05-2023 அன்று ஓரிக்கையில் பச்சமுத்து என்பவரின் பட்டறையில் சேர்ந்தாள். அரிசி ஆலைகளுக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை. ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆறும் ஆண்கள். பச்சமுத்துவுக்கு வயது முப்பத்தெட்டு. அலுவலகம் அனுப்பிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணுன்னு இதுல போடலியே. எங்க பட்டறையில லேடீஸ்க்கு பாத்ரூம் கெடையாதும்மா."

"கட்டுங்க சார்."

"அது ஆவும் இருவது நாளு."

"அதுவரிக்கும் பக்கத்து வூட்ல கேட்டுக்கறேன். கேட்டுட்டுதான் உள்ள வந்தேன், சரின்னுட்டாங்க."

பதினேழு நாளில் கட்டினார். முதல் நாள் அவள் கையில் ஒரு பெரிய அரத்தையும், வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கிய ஓர் இரும்புத் துண்டையும் கொடுத்து, இதன் முகத்தைச் சமமாக்கு என்றார். அவ்வளவுதான் பாடம். நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டிய வேலை. "வரப்புல போட்ட நாற்காலிய பாத்துதான் சார் இந்த வேலைக்கு வந்தேன். இங்க எட்டு மணி நேரம் நிக்க உட்டாங்க," என்று சுகிர்தா சிரிப்பாள்.

தேய்த்த முகத்தின் மேல் மூலைமட்டம் என்ற நேர்விளிம்புக் கருவியை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் அடியில் மயிரிழை வெளிச்சம் தெரியும். இந்த முறை டைரி காலியாகக் கொடுக்கப்பட்டது. அவள் கையால் எழுதினாள்: "02-05-2023. அரம் போட்டேன். வெளிச்சம் தெரிந்தது." மறுநாள்: "அரம் போட்டேன். வெளிச்சம் தெரிந்தது." இப்படிப் பத்தொன்பது வேலை நாள். ஒரே வரி. ஒவ்வொன்றின் கீழும் பச்சமுத்துவின் கையெழுத்து. இடையில் ஒருநாள் அவரே, "தெனம் இதையே எழுதறியே, ஆபீசுல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? வேற எதுனா எழுதேன்," என்றாராம்.

"வெளிச்சம் நின்னா எழுதறேன் சார்."

24-05-2023, புதன்கிழமை, இருபதாம் நாள்: "அரம் போட்டேன். வெளிச்சம் தெரியவில்லை."

முதல் தொழிற்சாலையின் டைரியில் அவள் முதல் இருபது நாள் தட்டை அரம் போட்டதாக எழுதியிருந்தது நினைவிருக்கும். இரண்டுக்கும் எழுத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

01-05-2024 அன்று பன்னிரண்டு மாதம் முடிந்தது. பச்சமுத்து அவளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். 23-07-2024 செய்முறைத் தேர்வு. ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் பொருந்தும்படி இரண்டு இரும்புத் துண்டுகளைக் கையால் செய்ய வேண்டும். அறையில் முப்பத்தோரு பேர், பெண் இவள் ஒருத்தி. தேர்வாளர் அவள் துண்டுகளைப் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு அவளைப் பார்த்தார். மறுபடி பிடித்தார். துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். 

செப்டம்பரில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடையில் சான்றிதழைத் தாளில் எடுத்தாள். கடைக்காரர் வாழ்த்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்துக்கொண்டே அவள் தாளைப் படித்தாள். பயிற்சிக் காலம்: 01-09-2022 முதல் 01-05-2024 வரை. பழைய பதிவு கணினியில் அழியாமல் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஏழு மாதம் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர், "நல்லதுதானம்மா. இருவது மாசம் ட்ரெயினிங்னு இருந்தா வெயிட்டா இருக்கும்," என்றார். அம்முலுவும் போனில் அதையே சொன்னாள். தானியேல் மட்டும், உறை வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

"இருவது மாசம் கத்துக்கினு இவ்ளோதான் தெரியுமான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்," என்றாள் சுகிர்தா. "நான் பன்னண்டு மாசத்துல கத்துக்கினவ. அத்த எதுக்கு நான் வுட்டுக் குடுக்கணும்?"

16-09-2024 அன்று ஏழாவது பதிவுத் தபால் போனது. ரூ.35.40. திருத்திய சான்றிதழைக் கணினியில் போட்டால் மட்டும் போதாது, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாள். தபாலில் கேட்டதற்குத் தபாலில்தான் பதில் வர வேண்டும் என்பது அவள் கட்சி.

பதில் வந்தபோது அவள் ஓரிக்கைப் பட்டறையில் இருந்தாள். எனக்குப் பின் பொறுப்புக்கு வந்த பெண் உறையைத் தானியேல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மை ஒற்றும் டப்பாவை நீட்டினாள். தானியேல் முன்னொரு நாள் சுகுமாருக்கு நீட்டிக் காட்டிய அதே கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தினார். பிறகு உறையைப் பிரிக்காமல் என் வீட்டுக்கு எடுத்து வந்தார். பிரித்துப் படிக்கச் சொன்னார். பயிற்சிக் காலம் 02-05-2023 முதல் 01-05-2024 வரை என்று இருந்தது. பன்னிரண்டு மாதம். தொழில்: பிட்டர். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. "இன்னிக்கி தேதிய எழுதிக்குங்க போஸ்ட்மாஸ்டரே," என்றார். பதிவேடு இப்போது என்னிடம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

18-10-2024, வெள்ளிக்கிழமை.